பத்து வாசல் லயம் ஏழு வாசலானது எப்படி: சுற்றுப்படங்களில் புள்ளி பொருத்துவது பற்றிய நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் மிஞ்சி நிற்கும் லயத்தை, அதாவது தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீட்டை, 360 பாகைக் கேமராவில் சுற்றுப்படங்களாக எடுத்து, முப்பரிமாண மாதிரியாக்கும் வேலை இது. முதல் மாதிரி பார்வைக்குக் குறையில்லாமல்தான் வந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, முன்னால் ஓடும் கால்வாய் எல்லாமே தெளிவு. வாசல்களை எண்ணினால் ஏழு. தோட்டத்தில் நிற்கும் லயத்துக்குப் பத்து வாசல். மென்பொருள் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. அதன் கணக்கில் பிழை குறைவு, புள்ளிகள் ஏராளம், எல்லாம் சுபம்.

மூன்று வாசல் எங்கே போனது, அதைத் திரும்பக் கொண்டுவர என்னென்ன மாற்றினோம் என்பதை இங்கே எழுதுகிறேன். பள்ளிக்கூடம், கோயில் என்று சொந்த ஊர்க் கட்டடங்களை இப்படிப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு உதவும்.

பின்னணி

ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டம். ஐம்பதுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றதும், அதற்கு மாற்றாக இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் தெரிந்த வரலாறு. கைமாறிக் கைமாறி வந்த இடங்களில் ஆபீஸ் காகிதம் தங்குவதில்லை. இந்த லயத்துக்கும் ஒரு வரைபடம்கூடக் கிடைக்கவில்லை. குடும்பங்கள் தாமான் வீடமைப்புப் பகுதிக்குப் போய்விட்டன. இடிபடுவதற்கு முன்னால் அளவோடு ஒரு பதிவு வேண்டும் என்று அங்கே முன்பு குடியிருந்தவர்கள் கேட்டார்கள்.

லேசர் ஸ்கேனர் வாடகைக்குக் கட்டுப்படியாகவில்லை. ஊரில் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோ தம்பியிடம் 360 கேமரா இருந்தது. நான் ஈப்போவில் கட்டட வரைவு வேலை பார்ப்பவன். மூன்றாவது ஆள், அந்த லயத்திலேயே பிறந்து, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்த பாட்டி. வழிகாட்டத்தான் வந்தார், ஆனால் கோளாறு எங்கே என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

சுற்றுப்படம் எங்கே ஏமாற்றும்

படங்களிலிருந்து மாதிரி செய்யும் முறை எளிமையானது. ஒரு படத்தில் தனித்துத் தெரியும் இடங்களை, அதாவது ஒரு ஆணித் தலையையோ பலகை வெடிப்பையோ பெயிண்ட் உரிந்த மூலையையோ, மென்பொருள் அடையாளப் புள்ளிகளாகப் பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் அதன் சுற்றுப்புறத்தை வைத்து எண்களால் ஒரு விவரிப்பு எழுதும். டேவிட் லோவின் சிஃப்ட் முறையில் அது 128 எண்கள். அடுத்த படத்தில் அதே விவரிப்பைத் தேடி ஜோடி சேர்க்கும். ஜோடிகள் சரியாக இருந்தால் கேமரா நின்ற இடமும் அந்தப் புள்ளியின் தூரமும் கணக்கில் வந்துவிடும். தப்பினால் எல்லாமே தப்பு.

சுற்றுப்படத்தில் இந்த விவரிப்பு எழுதும் வேலையே தடுமாறுகிறது. 360 கேமரா தரும் படம் அகலத்தில் 360 பாகை, உயரத்தில் 180 பாகை கொண்ட ஒரு நீளச் செவ்வகம். உலக உருண்டையைச் சுவர் வரைபடமாக விரிக்கும்போது கிரீன்லாந்து பூதாகரமாகத் தெரிகிறதே, அதே சிக்கல். தொடுவானத்தை ஒட்டிய இடங்கள் ஒழுங்காக இருக்கும். 60 பாகை மேலே போனால் அகலம் இரண்டு மடங்கு இழுபடும். 75 பாகையில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. எங்கள் படங்கள் 5376-க்கு 2688 பிக்சல். அதன் கடைசி வரிசையிலுள்ள 5376 பிக்சலும் தரையில் ஒரே ஒரு புள்ளிதான், கேமராவுக்கு நேர் கீழே.

லயத்தில் இது எங்கே உறுத்துகிறது? கூரையின் அடிப்பக்கத்தில். தாழ்வாரத்தில் நின்று எடுத்தால் விட்டங்கள் தலைக்கு மேலேதான் ஓடும். ஒரே விட்டம் ஒரு படத்தில் நேராகவும், இரண்டடி தள்ளி எடுத்த அடுத்த படத்தில் வில்லாகவும் தெரியும். 128 எண்களும் மாறிவிடும், ஜோடி கிடைக்காது. கிடைக்கும் ஜோடியெல்லாம் தொடுவானத்தை ஒட்டிய வாசல் மட்டத்தில்தான். அங்கேதான் இன்னொரு வம்பு காத்திருந்தது. அது பிறகு.

வெட்டி எறிந்தவை

360 கேமராவில் படம் எடுப்பவனுக்கு ஒளிய இடமில்லை. தம்பி கேமராவைக் கோலில் பிடித்தபடி நடந்து எடுத்த தொகுப்பில், அவருடைய கட்டம் போட்ட சட்டைதான் எல்லாப் படத்திலும் மிகத் தெளிவான பொருள். சட்டை கேமராவோடு கூடவே நகர்வதால் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் நிற்கும். அப்படிப்பட்ட ஜோடிகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் கேமரா அசையவே இல்லை என்று மென்பொருள் நம்பிவிடும். முக்காலி போட்டு, சுவருக்குப் பின்னால் போய் நின்று, கைப்பேசியிலிருந்து படம் எடுத்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. முக்காலியின் கால்களை மட்டும் மாஸ்க் போட்டு மறைத்தோம்.

மேகத்தையும் மறைக்க வேண்டும். மேகத்தில் புள்ளிகள் நிறையக் கிடைக்கும், ஆனால் அவை நகரும். காற்றில் ஆடும் செம்பனை மட்டையும் அப்படியே. செம்பனையின் அடிமரம் மட்டும் தங்கம்: வெட்டிய மட்டைகளின் அடித்தண்டு, இடுக்கில் முளைத்த பெரணி என்று ஒவ்வொரு மரத்துக்கும் தனி முகம் உண்டு. மட்டையை மறைத்து மரத்தை விட்டுவைத்தோம். இது பின்னால் பெரிய உபகாரமாக அமைந்தது.

படத்தைத் துண்டு போடுதல்

இழுபட்ட படத்தில் புள்ளி தேடுவதை நிறுத்தி, ஒவ்வொரு சுற்றுப்படத்தையும் சாதாரணப் படங்கள் போன்ற துண்டுகளாக மாற்றினோம். பலரும் ஆறு முகம் கொண்ட கனசதுரமாக மாற்றுவார்கள். செய்வது சுலபம், ஆனால் எனக்கு அதில் திருப்தி இல்லை. 90 பாகைப் பார்வையில் முகத்தின் விளிம்பு இரண்டு மடங்கும் மூலை மூன்று மடங்கும் இழுபடும். முகங்கள் சேரும் கோட்டில் இருக்கும் பொருள் பாதிப் பாதியாக வெட்டுப்படும். 60 பாகைப் பார்வை என்றால் விளிம்பு நடுவில் இழுவை மூன்றில் ஒரு பங்குதான் கூடும். அதனால் 45 பாகைக்கு ஒன்றாகச் சுற்றி எட்டு, அதேபோல் 40 பாகை மேல்நோக்கி எட்டு, கீழ்நோக்கி எட்டு என்று துண்டு போட்டோம். அக்கம்பக்கத் துண்டுகள் 15 பாகை ஒன்றன்மேல் ஒன்று விழும். எங்கள் படத்தில் ஒரு பாகைக்கு 15 பிக்சல் வருவதால், ஒரு துண்டுக்கு 1000 பிக்சல் அகலம் போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் வெறும் ஊதல், புதிய விவரம் எதுவும் வராது.

துண்டு போட்டபின் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 24 துண்டும் ஒரே இடத்திலிருந்து பார்த்தவை. அதை மென்பொருளுக்குச் சொல்லாவிட்டால் 24 தனிக் கேமராக்களாக நினைத்து ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கம் நகர்த்திவிடும். திசை மாறாத ஒரே கட்டாகக் கட்டி, ஒரு சுற்றுப்படத்துக்கு ஒரே இடம் என்று பூட்ட வேண்டும். இன்னொன்று, ஒன்றன்மேல் ஒன்று விழும் 15 பாகையில் ஒரே ஆணித் தலை இரண்டு துண்டிலும் பிடிபடும். இரண்டு ஓட்டு விழும். புள்ளிகளையெல்லாம் கேமராவிலிருந்து போகும் திசைகளாக மாற்றி, மிக நெருங்கியவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்தோம்.

அந்தத் திசைகள்தான் அடுத்த கட்டத்துக்கும் அடிப்படை. ஜோடி சரியா என்று ரான்சாக் முறையில் சோதிக்கும்போது, எத்தனை பிக்சல் விலகல்வரை பொறுக்கலாம் என்று ஒரு எல்லை கொடுப்பது வழக்கம். விரித்த சுற்றுப்படத்தில் நேரடியாக அப்படிக் கொடுத்தால் அநியாயம் நடக்கும். 4 பிக்சல் என்பது தொடுவானத்தில் கால் பாகைக்குச் சற்று அதிகம். 75 பாகை உயரத்தில் அதே 4 பிக்சல் கிடைமட்டமாக 0.07 பாகைதான். விட்டத்தில் இருக்கும் நல்ல ஜோடிகளை அளவுக்கு மீறிக் கண்டிப்போடு தள்ளிவிடும். எல்லையைப் பாகையில் கொடுத்தால் வானத்துக்கும் தரைக்கும் ஒரே நீதி. அப்புறம், புள்ளி கேமராவுக்கு முன்னால் இருக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையையும் மாற்ற வேண்டும். சுற்றுப்படத்துக்கு முன் பின் கிடையாது. திசையின் வழியே தூரம் நேர் எண்ணாக வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். இல்லையென்றால் பாதி உலகம் குப்பைக்குப் போய்விடும்.

இவ்வளவும் செய்தபின் ஜோடிகள் மளமளவென்று கூடின. கூரையின் அடிப்பக்கம் முதன்முறையாக முழுதாக வந்தது. தம்பிக்கு ஒரே சந்தோஷம். லயத்துக்கு மட்டும் இன்னமும் ஏழு வாசல்.

பத்து வாசலுக்கும் ஒரே முகம்

மாதிரியைப் பாட்டியிடம் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது எங்க வீட்டுச் சன்னல். சரி. ஆனா நிலைப்படி எங்க அக்கா வீட்டு நிலைப்படியால்ல இருக்கு? வெறகு வெட்டி வெட்டி நடுவுல பள்ளம் விழுந்தது அக்கா வீட்டுலதான்."

அவர் வீடு ஏழாவது வாசல். அக்கா வீடு நான்காவது. ஏழாவது வாசல் நான்காவதின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது என்றால், ஒரு பாதி லயம் மூன்று வாசல் சறுக்கியிருக்கிறது. அப்படியானால் பத்தாவது வாசல் ஏழாவதின் இடத்துக்கு வரும். கணக்கு அப்படியே ஒத்துப்போனது.

ஏன் சறுக்கியது? முதல் ஐந்து வாசல்களை ஒரு நாள் எடுத்தோம். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கம் வழக்கமானதுதான். ஐந்தாவதிலிருந்து மிச்சத்தை மறுநாள் காலையில் எடுத்தோம். வெயில் திசை மாறி, சுவரின் நிழல் மாறி, பலகை ஈரத்தில் கறுத்திருந்தது. ஐந்தாவது வாசலின் இரண்டு நாள் படங்களும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. அதேசமயம் நிழல் ஒரே மாதிரி விழுந்திருந்த நான்காவதும் ஏழாவதும் அச்சு அசலாகப் பொருந்தின. ஒரே தச்சர் கட்டிய ஒரே அளவுக் கதவு, ஒரே பச்சைப் பெயிண்ட். மென்பொருள் அதையே பிடித்துக்கொண்டு இரண்டு நாளையும் இணைத்துவிட்டது.

ரான்சாக் இதைப் பிடிக்காது. 1981-இல் ஃபிஷ்லரும் போல்ஸும் அந்த முறையை எழுதியது தாறுமாறாகச் சிதறும் தப்பு ஜோடிகளைக் களைவதற்காக. இங்கே தப்பு ஜோடிகள் சிதறவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்கின்றன. கதவு, சன்னல், தூண் எல்லாமே சமமாக மூன்று வாசல் தள்ளியிருப்பதால் வடிவக் கணக்குக்கு அது உண்மை மாதிரியே இருக்கும். முதல் ஜோடிக்கும் இரண்டாவது ஜோடிக்கும் உள்ள வித்தியாசம் போதவில்லையென்றால் கழிக்கும் லோவின் விகிதச் சோதனையும் முழுத் தீர்வாகாது. வாசல்கள் ஒன்றுபோல் இருந்தால் அது உண்மையான ஜோடிகளையும் சேர்த்துத்தான் கழிக்கும்.

படங்களைக் காட்டிப் பழக்கிய செயற்கை நரம்பு வலைப்பின்னல்களையும் விட்டுவைக்கவில்லை. சூப்பர்பாயிண்டில் புள்ளி எடுத்து, 2023-இல் வந்த லைட்குளூவில் பொருத்தினோம். வெயில் மாறிய ஐந்தாவது வாசலை அது சிஃப்ட்டைவிட நன்றாகவே சமாளித்தது. ஆனால் நான்குக்கும் ஏழுக்கும் இடையே இன்னும் அதிக ஜோடிகளை, இன்னும் அதிக நம்பிக்கையோடு கொண்டுவந்து கொட்டியது. இதனால்தான் ஜோடிகளின் எண்ணிக்கையை வெற்றியின் அளவாகப் போடும் அட்டவணைகளைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வருகிறது. பொய் ஜோடிக்கும் அதே மதிப்பெண்தானே?

மாறியது ஒரு கேள்வியால். கதவுப் பக்கம் பொய் சொல்கிறது, சரி. முதுகுப் பக்கம் என்ன சொல்கிறது? சாதாரணக் கேமரா கதவைப் பார்த்தால் கதவு மட்டும்தான். சுற்றுப்படத்தில் அதே நொடியில் எதிர்ப்பக்கமும் இருக்கிறது: செம்பனை அடிமரங்கள், தண்ணீர்த் தொட்டி, கோடியில் மாரியம்மன் கோயில். நான்காவது வாசலுக்கு எதிரே தொட்டி. ஏழாவதுக்கு எதிரே இரண்டு செம்பனை. அந்தப் பொய் இணைப்பின் ஜோடிகளைத் திசைவாரியாக வரைந்து பார்த்தோம். அத்தனையும் கதவுப் பக்கத்தில் குவிந்திருந்தன. எதிர்ப்பக்கம் சுத்தமாகக் காலி.

இதையே விதியாக்கினோம். சுற்றுப்புறத்தை 30 பாகைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பிரிவாக்கி, சோதனையில் தேறிய ஜோடிகள் எந்தெந்தப் பிரிவில் இருக்கின்றன என்று பார்ப்பது. ஒரு பிரிவில் எவ்வளவு குவிந்தாலும் ஓரளவுக்கு மேல் கணக்கில் சேர்ப்பதில்லை. எதிரெதிர்ப் பக்கங்களில் ஜோடி இருந்தால்தான் இரண்டு படங்களும் உறவு. ஒரே பக்கத்தில் ஆயிரம் ஜோடி இருந்தாலும் உறவு கிடையாது. எழுதிப் பார்த்தால் சில வரி நிரல்தான். நான்கு–ஏழு இணைப்பு உடனே விழுந்தது. ஐந்தாவது வாசலின் இரண்டு நாள் படங்களில் ஜோடிகள் கொஞ்சம்தான், ஆனாலும் தொட்டியிலும் அடிமரத்திலும் கோயில் பக்கத்திலும் பரவிக் கிடந்ததால் தேறின.

யாரை யாரோடு ஒப்பிடுவது என்பதையும் கட்டுப்படுத்தினோம். உதாரணத்துக்கு 60 சுற்றுப்படம் என்றால் 1440 துண்டு. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் பத்து லட்சத்துக்கு மேல் ஜோடிப் படங்கள். நேரம் வீணாவது ஒரு பக்கம். ஒவ்வொரு வீண் ஒப்பீடும் ஒரு பொய் உறவுக்குக் கதவைத் திறக்கும். நடந்த வரிசையில் முன்பின் படங்களோடு மட்டும் ஒப்பிட்டு, லயத்தைச் சுற்றி வந்து மறுபடி சந்திக்கும் இடங்களைக் கையால் குறித்துக் கொடுத்தோம்.

காலண்டரும் பத்திரிகையும்

லயத்தின் பின்பக்கத்தில் இந்த விதி எடுபடவில்லை. சமையல்கட்டு வரிசைக்கு எதிரே இன்னொரு தகரச் சுவர், நடுவில் குறுகிய சந்து. இரண்டு பக்கமும் ஒரே அலைத் தகரம். முதுகுப் பக்கமும் பொய் சொல்லும் இடம். அங்கே நாமே அடையாளம் வைத்தாக வேண்டும்.

"தினசரி காலண்டரைக் கிழிச்சு ஒட்டிடலாம்ணே. தேதி வேறவேற இருக்கும்ல?" என்றார் தம்பி. நல்ல யோசனைதான், ஆனால் தேதி எண் மட்டும்தான் மாறும். கட்டம், சாமி படம், ராகு காலப் பெட்டி எல்லாம் எல்லாத் தாளிலும் ஒன்றே. வாசல் கதையேதான் திரும்ப வரும். அதற்குப் பதில் பழைய மக்கள் ஓசை, மலேசிய நண்பன் பக்கங்களை எடுத்தோம். எந்தப் பக்கமும் இன்னொன்று போல் இருக்காது. மூன்று மீட்டர் தூரத்தில் எங்கள் கேமராவின் ஒரு பிக்சல் ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டர்; பொடி எழுத்து மங்கிப்போகும், பெரிய தலைப்பும் புகைப்படமும்தான் உதவும். அதனால் பெரிய படம் போட்ட பக்கங்களாகப் பார்த்து எடுத்தோம். ஒரு விளையாட்டுப் பக்கமும் ஒரு நகைக்கடை விளம்பரமும் அபாரமாக வேலை செய்தன.

தாள்களைச் சுவரில் ஒட்டவில்லை. பதிவு செய்யப்போன சுவரை நாமே மாற்றக் கூடாது. அட்டையில் ஒட்டிக் கால்வாய் ஓரம் சாய்த்து வைத்தோம். முக்காலியை அசைக்காமல் அட்டையோடு ஒரு படம், அட்டையை எடுத்துவிட்டு ஒரு படம். முதல் படத்திலிருந்து கேமரா நின்ற இடம் கிடைக்கும். அதே இடத்தை இரண்டாவதற்குக் கொடுத்து, மேற்பரப்பின் நிறத்தை அதிலிருந்து எடுத்தோம். மாதிரியில் பத்திரிகை தெரியாது.

சந்தில் நேர்கோட்டில் நடந்து எடுப்பதும் ஆகாது. நடக்கும் திசைக்கு நேர் முன்னும் நேர் பின்னும் இருக்கும் பொருள்கள் அடுத்தடுத்த படங்களில் இடம் மாறுவதே இல்லை. தூரம் கணிக்க வழியில்லை. வலம் இடமாக மாறி மாறி நின்று எடுத்தோம்.

அளவும் மிச்சமும்

படங்களிலிருந்து வரும் மாதிரிக்குத் தானாக அளவு கிடையாது; பொம்மை லயமா நிஜ லயமா என்று அதற்குத் தெரியாது. முதல் வாசலின் அகலத்தை டேப்பில் அளந்து அளவு கொடுத்தோம். பிறகு அந்த அளவில் சேர்க்காத தூரங்களை, குறிப்பாக ஒரு கோடித் தூணிலிருந்து மறுகோடித் தூண்வரை, அளந்து ஒப்பிட்டோம். பத்து வாசலும் வந்தபின் அந்த நீளம் கையகலத்துக்குள் ஒத்துப்போனது. ஏழு வாசல் மாதிரியில் இந்த ஒரு அளவு எடுத்திருந்தாலே பிழை அம்பலமாகியிருக்கும். வாசல் அகலம், சன்னல் உயரம் என்று சின்ன அளவுகளை மட்டும் சரிபார்த்தால் மடிந்துபோன மாதிரியும் பாஸாகிவிடும்.

கோயிலுக்கு இத்தனை பாடு தேவைப்படவில்லை. சிலைகளும் வண்ணமும் நிறைந்த கோபுரம் புள்ளிகளை வாரி வழங்கியது. கருவறையைப் படமெடுக்க வேண்டாம் என்று பூசாரி ஐயா சொன்னார். மாதிரியில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது, அதை நிரப்பவில்லை. கூரையின் மேல்பக்கமும் இல்லை, தரையிலிருந்து எடுத்தால் வராது. சந்தின் கிழக்குக் கோடியில் கடைசி இரண்டு சமையல்கட்டுகள் இன்னும் சற்று வளைந்தே நிற்கின்றன. வெள்ளையடித்த சுவரும் புகையேறிய தகரமும்தான் அங்கே. பத்திரிகை அட்டைகளும் அந்த வெளிச்சத்தில் எடுபடவில்லை. வழுவழுப்பாக்கி மறைத்துவிடலாம் என்று தம்பி சொல்கிறார். அப்படியே விட்டு, கோப்பில் "இந்தப் பகுதி அளவுக்கு உதவாது" என்று குறித்திருக்கிறேன்.

மூலப் படங்கள், அட்டை இருந்தவையும் இல்லாதவையும், மாஸ்க்குகளோடும் டேப் அளவுகளோடும் சேர்த்து இரண்டு ஹார்ட் டிஸ்கில் போயிருக்கின்றன. ஒன்று கோயில் கமிட்டியிடம், ஒன்று தம்பியின் ஸ்டூடியோவில். பொருத்தும் முறைகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். மூலப்படம் இருந்தால் வேறு யாராவது அந்தச் சமையல்கட்டுகளை மறுபடி கட்டிப் பார்க்கலாம்.